நிழலில் நின்ற கேரவனும் என் பதினைந்து நிமிடமும்

நம் டிஷ்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். வேனையே வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் குடும்பம் ஒன்று அவரிடம் வந்திருக்கிறதாம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது; போகிற இடத்தில் எல்லாம் டிவியும் தெரிய வேண்டும் என்கிறார்களாம். "அண்ணே, கூரை மேல எந்த ஸ்டாண்டு போட்டா நல்லா நிக்கும்?" என்பது கேள்வி. அதற்குக் குழுவில் வந்த பதில்களைப் பார்த்தேன். ஒருவர் தானாகவே சாட்டிலைட்டைத் தேடித் திரும்பும் மோட்டார் டிஷ்ஷின் படத்தைப் போட்டார். இன்னொருவர், "எல்லாம் இப்ப போன்லயே பாக்கலாம், டிஷ் எதுக்கு?" என்று நம் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டார். அந்தக் குடும்பம் டிவியில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

உங்களைத் திட்டவில்லை தம்பிகளா. நானும் கேட்காதவன்தான். கேட்காமல் விட்டு ஒரு காலைப்பொழுதைக் கெடுத்தவன். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டாண்டு எது என்பதற்கும் நடுவில் பதில் வந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், மயிலாப்பூர் பக்கத்து மொட்டை மாடிகளில் என் பெயர் டிஷ் சேகர். இப்போது முட்டி இரண்டும் தேய்ந்துபோய், வீட்டு மாடிக்குத் துணி காயப்போடக்கூட ஏறுவதில்லை. இத்தனை வருட வேலையில் நான் அதிகமாகச் சொன்ன சொல் "வந்துச்சா?" என்பதுதான். மேலே நின்று டிஷ் தட்டைத் திருப்பிக்கொண்டே நான் கத்துவேன்; கீழே வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது "இல்ல... இல்ல... ஆங், வந்துச்சு, அப்டியே விடு!" என்பார்கள். படத்தை அவர்கள் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்த்தபடி நட்டு முடுக்கிக்கொண்டிருப்பேன். நம் தொழில் அப்படி.

கொஞ்ச காலம் சினிமாக்காரர்களின் கேரவனுக்கும் நான்தான் டிஷ். நடிகர் நடிகைகள் உட்காரவும் உடை மாற்றவும் படப்பிடிப்பு நடக்கும் தெருவில் நிற்குமே, அந்த ஏசி வண்டி. மாடி வீட்டு டிஷ்ஷை ஒரு தடவை நிறுத்தினால் புயல் அடிக்கும்வரை கவலையில்லை. கேரவன் அப்படியில்லை. இன்றைக்கு அடையாறில் நிற்கும், நாளைக்கு தி.நகரில் நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டும். போதாததற்கு, உள்ளே ஒரு ஆள் எழுந்து நடந்தால் வண்டி ஆடும். வண்டி ஆடினால் கூரை ஆடும். கூரை ஆடினால் படம் போய்விடும். இதற்கெல்லாம் சேர்த்து நானே கையால் வெல்டு வைத்து ஒரு ஸ்டாண்டு செய்திருந்தேன். வண்டி ஓடும்போது படுத்துக்கொள்ளும், நின்றதும் நிமிர்த்தி நாலு போல்ட்டைப் பூட்டிவிட்டால் அசையாது. எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் தெரியுமா? எனக்குத் தலை கூரைக்கு மேலே போய்விட்டது.

அந்த வண்டியின் டிரைவர் துரை. புதுப்பேட்டைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அவருக்கும் ஒரே விஷயத்தில்தான் தினமும் தகராறு. டிரைவருக்கு நிழல் வேண்டும். வெயிலில் நின்றால் ஏசி திணறும், நடிகை முகச்சாயம் வழியும், திட்டு அவருக்கு விழும். எனக்கோ திறந்த வானம் வேண்டும். சென்னையில் நாம் பிடிக்கிற சாட்டிலைட் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எதிர் வீடு எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை, தலைக்கு மேலே ஒரு கிளை இருந்தால் போச்சு. ஆகவே துரை மரத்தைப் பார்த்து வண்டியை விடுவார், நான் மரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன்.

அன்றைக்குக் குடியரசு தினம். விடுமுறை நாளில் தெரு காலியாக இருக்கும் என்பதால் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் கல்யாணக் காட்சி எடுத்தார்கள். ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனால், துரை வழக்கம்போல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் வண்டியைச் செருகி வைத்திருக்கிறார். பேர்தான் தூங்குமூஞ்சி. காலை வேளையில் ஒரு இலை விடாமல் விரித்துப் போட்டுக்கொண்டு ஜம்மென்று முழித்திருந்தது.

நடிகை பங்களாவுக்குள் ஷாட்டில் இருந்தார். வண்டியில் கஸ்தூரி அக்கா மட்டும்தான். நடிகைக்குப் புடவை இஸ்திரி போடுவது, ஊக்கு குத்துவது, பட்டன் தைப்பது எல்லாம் அவர் வேலை. ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, காதில் சின்னத் தோடு, எப்போதும் உதட்டில் ரெண்டு ஊக்கு. அன்றைக்கு என்னைப் பார்த்ததும் ஊக்கை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டார்.

"தம்பி, டில்லியில பரேடு உடுவாங்கல்ல, அது இதுல தெரியுமா?"

"தெரியும்க்கா. இன்னா, திடீர்னு தேசபக்தி பொத்துக்கினு ஊத்துது?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். 'யாருக்கா அதுல? எதுக்குக் கேக்குற?' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அப்போதே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பரேடு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, பத்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு தெருமுனைக்கு டீ குடிக்கப் போனேன். பன் பட்டர் ஜாம் சாப்பிட்டேன். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினேன். இன்றைக்கும் பன்னைப் பார்த்தால் எனக்கு அந்த அரை மணி நேரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

திரும்பி வந்து கூரை மேல் ஏறி, ஸ்டாண்டை நிமிர்த்தி, போல்ட்டைப் பூட்டித் தட்டைத் தென்கிழக்கே திருப்பினேன். சிக்னல் பார்க்கும் மீட்டர் லேசாகக் கத்தியது.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு தம்பி! ஐய... போச்சு. கட்டம் கட்டமா நிக்குது."

இதில் ஒரு மோசம் இருக்கிறது, புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மரத்தடியில் படம் வரவே வராது என்றால் நாம் உடனே வேறு வழி பார்த்துவிடுவோம். ஆனால் அன்றைக்குக் காற்று இருந்தது. காற்று அடித்து இலை விலகினால் படம் வந்தது. காற்று நின்றால் போனது. வந்து வந்து போகிற படம் மனிதனை நகர விடாது. இன்னும் ஒரு நூல் திருப்பினால் நின்றுவிடும் என்று நினைக்க வைக்கும். நானும் ஒரு நூல், இன்னொரு நூல் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன்.

பத்து மணி தாண்டிவிட்டது. கஸ்தூரி அக்கா வண்டியின் வாசலுக்கு வந்து, கூரைக்கு ஏறும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கோச்சிக்காத. எம் பொண்ணு நடக்குதுப்பா அதுல."

என் கை நின்றுவிட்டது. "எதுலக்கா?"

"பரேடுல. பொண்ணுங்க போலீசு தனியா ஒரு கும்பலா போவுமாமே, அதுல. அது கூடப் படிச்ச பொண்ணு யாராண்டயோ கேள்விப்பட்டு வந்து சொல்லிச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா? இன்னிக்கு இல்லன்னா போன் பண்ணி பொண்ணாண்ட கேட்டுக்கலாமே."

"போன் இன்னா போனு... ரெண்டு வருசமாச்சு தம்பி அது மூஞ்சியப் பாத்து."

ஏணியைப் பிடித்தபடியே சொன்னார். கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாகத்தான் அவர்கள் வீடு. பெண்ணைத் தன் தம்பிக்கே கட்டிக் கொடுக்க நாள் குறித்திருந்தார். அந்த வாரம் பெண் மத்தியப் போலீசில் சேரச் சொல்லி வந்த தாளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறது.

"நான் அந்தக் காயிதத்த புடுங்கி கசக்கி அடுப்பாண்ட போட்டேன். போனா அப்டியே போயிடு, என் வாசப்படிய மிதிக்காதன்னேன். கசங்கின காயிதத்த எடுத்து நீவிக்கினே போயிடுச்சு தம்பி. பொண்ணு போன மூணாம் மாசம் எங்க ஊட்டயெல்லாம் இடிச்சிட்டு ஊருக்கு வெளிய அனுப்பிட்டாங்க. அது கடுதாசி போட்டுருந்தாக்கூட பழைய ஊட்டுக்குத்தான போயிருக்கும்? அந்த ஊடே இல்லியே. என் போன் நம்பரும் மாறிப்போச்சு. அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது, நான் எங்க கீறேன்னு அதுக்குத் தெரியாது."

கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த துரை, "எதிர் ஊட்டுல டிவி ஓடுது, சத்தம் கேக்குதே. அங்க போய்ப் பாருக்கா, நான் சொல்றேன் வாட்ச்மேனாண்ட" என்றார்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினார். "நகை கீது நைனா உள்ள. கல்யாண சீனுக்கு வாடகைக்கு வாங்குனது. நான் இத்த உட்டு நகரக்கூடாது. ஒரு திருகாணி கொறஞ்சாலும் என் தலைதான் உருளும்."

"அப்ப வண்டிய வெயிலுக்கு எடு துரை" என்றேன்.

"முன்னால ஜெனரேட்டர் லாரி, பின்னால கிரேன் நிக்குது. எங்க எடுக்கறது? நீ இன்னாத்துக்கு மேல குந்திக்கினு அல்லாடற? அந்தத் தட்ட கழட்டி கீழ எறக்கு நைனா. வண்டி நெழல்ல நிக்கட்டும், தட்டு வெயில்ல நிக்கட்டும். ஒயர்தான நடுவுல?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது என் புத்தியில் உறைத்ததும் எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் ஸ்டாண்டிலிருந்து தட்டைக் கழற்றச் சொல்ல இவர் யார்? ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் எனக்கு டிஷ் சொல்லித் தருவதா?

"வண்டி ஓட்டறவன் வண்டிய ஓட்டு. இது என் வேலை" என்று எரிந்து விழுந்தேன்.

துரை பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மறுபடியும் தட்டை நூல் நூலாகத் திருப்ப ஆரம்பித்தேன். ஒரு கிளையை எட்டி இழுத்துக் கயிற்றால் கட்டினேன். அதற்குப் பின்னால் இன்னொரு கிளை இருந்தது. அக்கா உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். "வந்துச்சு", "போச்சு" என்கிற அவர் குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. என் சட்டை நனைந்துவிட்டது. தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரியும். துரை முன்னால் ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. அப்படியே பதினைந்து நிமிடம் போனது தம்பிகளா. கடிகாரத்தைப் பார்த்ததால் கணக்காகச் சொல்கிறேன்.

கடைசியில் அக்கா குரல் மெதுவாகக் கேட்டது. "தம்பி, பேண்டு சத்தம் உட்டு உட்டு கேக்குது. ஆரம்பிச்சிட்டாங்க போல."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அடித்தது. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். அசையக் கூடாது என்று நானே இறுக்கிய போல்ட், லேசில் வருமா? துரை கூப்பிடாமலே ஏறி வந்து மறுபக்கத்து ஸ்பேனரைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தட்டைக் கழற்றி இறக்கினோம். பையில் நீளமான ஒயர் இருந்ததால் பிழைத்தோம். தெருவுக்குக் குறுக்கே ஓடினேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. அங்கே தரையில் நிறுத்த எதுவும் இல்லை. ஸ்டாண்டு கூரையோடு வெல்டு ஆகியிருக்கிறதே! தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மண்டி போட்டு, தென்கிழக்கே காட்டினேன். சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது.

துரை கேரவன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"இல்ல. கொஞ்சம் மேல... இன்னும்... ஆங், வந்துச்சு! ஆடாத! பளிச்சுனு வந்துச்சு, ஆடாத நைனா!"

நான் மூச்சை நிறுத்தினேன். வண்டிக்குள்ளிருந்து பேண்டு வாத்தியம் கணீரென்று கேட்டது, யாரோ இந்தியில் ஏதோ சொன்னார்கள். கூட்டம் கைதட்டுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் படம் போய்விடும். "இன்னா தெரியுது துரை?" என்று கத்தினேன்.

மறுபடியும் கத்தினேன்.

"பொண்ணுங்க" என்றார் துரை. அப்புறம் குரலை இறக்கி, "போய்க்கினு கீறாங்க. முதுகு தெரியுது" என்றார்.

அவ்வளவுதான். அடுத்து ஒட்டகப் படை வந்துவிட்டதாம். நான் அதற்குப் பிறகும் தட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவேளை மறுபடியும் காட்டுவார்கள், ஒருவேளை இன்னொரு வரிசை இருக்கும் என்று நினைத்தேன். ஆட்டக்காரர்கள் போனார்களாம், அலங்கார வண்டிகள் போயினவாம், விமானச் சத்தம் கேட்டது. தோள் இற்றுவிட்டது. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை, இறக்க எனக்கும் தைரியமில்லை.

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கஸ்தூரி அக்கா வண்டியை விட்டு இறங்கி, தெருவில் பத்தடி வந்து நின்றிருந்தார். வண்டி வாசலில் துரை காவல் நின்றார்.

"எறக்குப்பா. கை நோவும்."

"அக்கா... மூஞ்சி பாத்தியா?"

"மூஞ்சி தெரில. கடைசி வரிசையில வலது ஓரத்துல போச்சு தம்பி. எம் பொண்ணுதான். அந்த நடை எனக்குத் தெரியாதா? ரெண்டு கொடத்தத் தூக்கிக்கினு ஆத்தங்கரையில நடக்குமே, அதே நடை."

அணிவகுப்பில் எல்லோருக்கும் ஒரே நடைதான். ஒரே காலடி, ஒரே கைவீச்சு. அதற்காகத்தானே மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. "ஆமாக்கா" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில்தான் என்று துடைத்துக்கொண்டேன்.

அவர் தட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இதுல அங்கேருந்து வருதுல்ல. இங்கேருந்து நாம எதுனா பேசுனா அங்க போவுமா?"

"போவாதுக்கா. இது வாங்கத்தான் வாங்கும். திருப்பிக் குடுக்காது."

"அப்டியா" என்றார். தட்டில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "வாசப்படிய மிதிச்சிக்கோடின்னு சொல்லணும். அதான் கேட்டேன்."

பங்களாவுக்குள்ளிருந்து யாரோ "கஸ்தூரிக்கா, புடவை ஊக்கு!" என்று கூப்பிட்டார்கள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் செய்தியில் காட்டினார்கள். வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பீரங்கி, ஆட்டம், தலைவர்களின் கும்பிடு; பெண்கள் அணி கண் சிமிட்டும் நேரம். அதற்குப் பிறகு சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அட மடையா, கடிதம் எழுதலாமே! அந்தப் படைக்கே, பெண்ணின் பெயரைப் போட்டு, புதிய விலாசத்தைப் போட்டு எழுதினால் எப்படியும் போய்ச் சேருமே! அவர் பேச வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் டிஷ்ஷைப் பற்றியே பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அந்த வண்டியைத் தேடிப் போனேன். அடையாறில் நின்றிருந்தது. உள்ளே வேறொரு பெண் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணக் காட்சி முடிந்ததும் கஸ்தூரி அக்காவின் வேலையும் முடிந்துவிட்டதாம். அவர் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பரைப் போட்டால் யாரோ ஒரு ஆண் எடுத்து ராங் நம்பர் என்றார். துரையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே அந்தக் குடியிருப்புக்கே போனோம். "அத்தினி பிளாக் கீது, கஸ்தூரின்னு ஆயிரம் பேரு கீறாங்க, எங்கன்னு தேடுவ நைனா?" என்று சொல்லிக்கொண்டே துரை என்னோடு இருட்டும்வரை படி ஏறி இறங்கினார். கிடைக்கவில்லை. பெண்ணின் பெயரை நான் கேட்டு வைத்திருக்கவும் இல்லை.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கூரையில் ஸ்டாண்டு வேண்டாம். முக்காலி ஒன்று, நீளமான ஒயர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ் வெயிலில் நிற்கட்டும். இது துரை சொல்லிக் கொடுத்தது, என் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அப்புறம் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அந்த வீட்டம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எதைப் பார்க்கணும்மா, எத்தனை மணிக்கு, அதில் யாராவது உங்களுக்கு வேண்டியவர்கள் வருகிறார்களா? கேட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

எங்கள் வீட்டு டிஷ் மொட்டை மாடியில் நன்றாகத்தான் இருக்கிறது. மழையில்கூடப் படம் போவதில்லை. ஒவ்வொரு குடியரசு தினத்திலும் காலையிலேயே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பெண்கள் அணி வரும்போது வீட்டில் யாரையும் குறுக்கே நடக்க விடமாட்டேன். கடைசி வரிசை, வலது ஓரம். அந்தப் பெண்ணுக்கு வயது ஏறியிருக்கும், இன்னும் நடந்துகொண்டிருக்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும். அவள் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் தேடுகிறேன்.